ஊரில் முதலில் போட்டவர்

புதுச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் கண்ணில் படுவதைப் போன்ற முட்டாள்தனம் தென்காசியில் வேறு கிடையாது. நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டார். நன்றாக இல்லை என்றும் சொல்லமாட்டார். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் காலரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, “இத நான் அப்பமே போட்டுட்டேன்” என்பார். அதோடு போயிற்று நம் தீபாவளி.

அவருக்கு உரக்கடை. ஆய்க்குடியிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் சம்சாரிகள் யூரியாவுக்கும் பொட்டாஷுக்கும் வருவார்கள். அந்த மூட்டைகளுக்கு நடுவே, நெடி மூக்கைத் துளைக்க, பூப்போட்ட சட்டையும் தோளைத் தொடுகிற நாய்க்காது காலரும் செருப்பை மூடுகிற பெல்பாட்டமுமாக அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். கிருதா கன்னத்தில் பாதி வரை வரும். நரைத்த பிறகு அதற்கு மட்டும் மை பூசிக்கொண்டார். தலை வெள்ளை, கிருதா கறுப்பு. நெல்லுக்கு என்ன உரம் போடலாம் என்று கேட்க வந்த சம்சாரி ஒரு நிமிஷம் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து நிற்பார்.

நான் பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்து அவரை இதே கோலத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஊரில் பேன்ட் எல்லாம் குறுகிற்று. பிறகு தொளதொள என்று ஆயிற்று. மறுபடி குறுகிக் கணுக்காலைக் கவ்விக்கொண்டு நின்றது. அண்ணாச்சி அசையவில்லை. முதலில் ஊர் சிரித்தது, அப்புறம் பழகிக்கொண்டது, கடைசியில் சுற்றிச் சுற்றி அவர் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தது. கல்லூரிப் பையன்கள் அகலக் காலரும் பூப்போட்ட சட்டையுமாகப் பேருந்து நிலையத்தில் திரிய ஆரம்பித்தார்கள். வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவருக்குத் தாங்கவில்லை. தன் வீட்டுக் கொடியிலிருந்து யாரோ உருவிக்கொண்டு போய்விட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி ஒரு தடவை லீவுக்கு வந்தான். முட்டியில் கிழித்துவிட்ட ஜீன்ஸ். அண்ணாச்சி கண்ணில் பட்டுவிட்டான்.

“ஏலே, இங்கன வா. முட்டு ரெண்டும் என்னலே ஆச்சு?”

“இது டேமேஜ் ஜீன்ஸ் அண்ணாச்சி. கிழிச்சேதான் விக்கான்.”

“எனக்குத் தெரியாதாக்கும். ஏழாங்கிளாஸ் படிக்கையிலயே நான் போட்டுட்டேன். முட்டுல இல்ல, பின்னால.”

உள்ளேயிருந்து மைனியின் குரல் வந்தது. “அது பேஷன் இல்ல தம்பி. ஒங்க அண்ணாச்சிக்கு வேற டவுசரு கெடயாது.”

மைனி என்பது அவர் மனைவி. அதிகம் பேசமாட்டாள். அண்ணாச்சி அரை மணி நேரம் ஊதிய பலூனை ஒரே வாக்கியத்தில் உடைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். அவளுடைய உடை வருஷம் முழுவதும் ஒன்றுதான்: நைட்டி, அதன் மேல் ஒரு துண்டு. காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசவும் அதுதான், மழையில் ஓடிப் போய் வடகம் எடுக்கவும் அதுதான். நம் காலத்தில் நம் பெண்கள் யாரையும் கேட்காமல் தாங்களே கண்டுபிடித்த ஒரே பாணி அது. இன்னும் யாரும் அதை விண்டேஜ் என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்க வரவில்லை. வருவார்கள், அவசரப்பட வேண்டாம்.

பெல்பாட்டம் தென்காசிக்கு வந்த சரித்திரத்தை அண்ணாச்சி வாயால் கேட்க வேண்டும். கடையநல்லூரிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் பெட்டி நிறைய பாரின் துணி கொண்டுவந்தார்களாம். பெட்டி திறக்கிற அன்று தெருவே மணக்குமாம். அந்தத் துணி கசங்காது. காற்றும் போகாது. சித்திரை மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போனவர்கள் பெண்ணைவிட மின்விசிறியைத்தான் அதிகம் பார்த்தார்கள். பேன்ட்டின் அடி ஓரம் தெருவில் உரசி நைந்து போகும் என்று ஓரத்தைச் சுற்றி இரும்பு ஜிப் வைத்துத் தைத்துக்கொள்வார்கள். நடந்தால் சிமென்ட் தரையில் கீச்சென்று சத்தம் வருமாம். ஆள் வருகிறான் என்று தெருமுனையிலேயே தெரிந்துவிடும் என்று அதைப் பெருமையாகச் சொல்வார்.

இந்தச் சரித்திரம் எங்கே ஆரம்பித்தாலும் வந்து முடிகிற இடம் ஒன்றுதான்: அவருடைய கோட்டு. மெரூன் கலர் கோட்டு, உள்ளங்கை அகல டை, வெள்ளை பெல்பாட்டம். தென்காசியில் அப்படி ஒரு செட்டை முதன்முதலில் தைத்துப் போட்டது அவர்தானாம். துணி, கேட்கிறவரைப் பொறுத்து, துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தது. கொடுத்தது மட்டும் எப்போதும் கடையநல்லூர் பாய் ஒருவர், அவருடைய சிநேகிதர். கோட்டு இப்போது எங்கே என்று கேட்டால் ஒரு தடவை எலி கடித்துவிட்டது என்பார். இன்னொரு தடவை ஆய்க்குடி மச்சான் இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை என்பார். ஒரு தடவை அதைக் கோயில் கொடையில் நாடகக்காரர்களுக்குத் தானம் பண்ணியதாகச் சொன்னார். அதைப் போட்டுக்கொண்டு எடுத்த கலர் போட்டோ ஒன்று மட்டும் பீரோவுக்குள் இருந்தது. கடையில் மாட்டலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“கண்ணு பட்டுரும்ட்டி” என்றார்.

சாரல் தொடங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குற்றாலம் போய்விடுவார். குளிக்க அல்ல. அருவிக்கு அடியில் எல்லோரும் ஒன்றுதான், ஒரு துண்டு, ஒரு ஜட்டி, நடுங்குகிற பல். அங்கே அவருக்கு வேலையில்லை. பழக்கடை ஓரமாக நின்றுகொண்டு, ஊர் ஊராக வந்து இறங்குகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். ஒருநாள் எங்களையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். சென்னையிலிருந்து வந்த பையன்கள் நாலைந்து பேர், அகலக் காலர், அகல பேன்ட், வட்டக் கண்ணாடி. இவர் நேரே போய் ஒருவனுடைய காலரைப் பிடித்துவிட்டார். அடி விழப் போகிறது என்று நான் பயந்தேன்.

“இது எங்க தம்பி எடுத்தது?”

“ஆன்லைன்ல அங்கிள். விண்டேஜ்.”

“அப்பிடின்னா?”

“பழசு அங்கிள். அந்தக் காலத்து ஸ்டைல்.”

“பழசா? யாரு போட்டது?”

பையன் பதறிப்போனான். “ஐயோ, யாரும் போடல அங்கிள். புதுசுதான்.”

“பெறவு கலர் ஏன் வெளுத்திருக்கு?”

“வெளுக்க வச்சுத்தான் விக்கிறாங்க.”

விலையைச் சொன்னான். கடையில் மூன்று மூட்டை உரத்தின் விலை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எனக்கும் கொஞ்சம் தலை சுற்றியது. இன்னொருவன் உடுத்திக் களைந்த சட்டையை இனாமாகக் கொடுத்தாலும் நம் ஆட்கள் தொடமாட்டார்கள். செத்தவர் துணியென்றால் கொடியில் கிடக்கக்கூட விடமாட்டோம். ஆனால் எவனோ இருபது வருஷம் உடுத்தின மாதிரி தெரிய வேண்டும், அந்த எவன் மட்டும் இருக்கக் கூடாது! இதற்கு ஒரு கம்பெனி, அதற்கு ஒரு விலை.

அதற்குள் பையன்கள் அண்ணாச்சியைக் கவனித்துவிட்டார்கள். கிருதாவிலிருந்து பேன்ட்டின் அடி ஓரத்து ஜிப் வரைக்கும் பார்த்தார்கள். ஒருவன் கிட்டத்தட்ட மண்டியிட்டு அந்த ஜிப்பைத் தொட்டுப் பார்த்தான். உடனே செல்போன் வெளியே வந்தது. அண்ணாச்சிக்குக் கேட்க வேண்டுமா? மலையைப் பின்னால் வைத்து, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டார்.

“தென்காசியில கோட்டும் பெல்பாட்டமும் மொதல்ல தைச்சுப் போட்டது நாந்தான். சும்மா சொல்லல, போட்டோ இருக்கு!”

அந்த ரீல்ஸ் எங்கெங்கோ சுற்றி, சென்னையில் வேலை பார்த்த அவர் மகள் பிரியாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பிரியா ஒரே மகள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள். அவளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அவளோடு வேலை பார்க்கிறவர், சென்னைக் குடும்பம். அவர்களுக்கு ரீல்ஸ் ரொம்பப் பிடித்துப்போய், தென்காசியில் நடக்கிற வரவேற்பை ரெட்ரோ தீமில் வைத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். எல்லோரும் அந்தக் கால உடையில் வர வேண்டும். மண்டப வாசலில் அப்பாவின் கோட்டுப் போட்டோவைப் பெரிய பிளக்ஸாக வைக்க வேண்டும். பிரியா ஊருக்கு வந்தவள், கேட்காமல் பீரோவைத் திறந்து போட்டோவை எடுத்து, படம் பிடித்து அனுப்பியும் விட்டாள்.

மறுநாள் மத்தியானம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். மைனி பிளவுஸ் வாங்க டெய்லர் கடைக்குப் போயிருந்தாள்.

“ஏட்டி, நீ சொன்னா அவ கேப்பா. அந்தப் போட்டோ மட்டும் வேண்டாம்னு சொல்லிரு.”

“ஏன் அண்ணாச்சி? இத்தன வருஷமா நீங்கதான அதப் பத்திப் பேசிப் பேசி எங்க காதப் புளிக்க வச்சிய?”

“பேசுனேன். இப்ப வேண்டாங்கேன்.”

“காரணம் தெரியாம நான் அவகிட்ட என்னன்னு சொல்ல?”

வாசலை ஒரு தடவை பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, “அந்தக் கோட்டு என்னுது இல்லட்டி” என்றார்.

ரத வீதியில் மாடியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்ததாம். அங்கே பவுடர், சீப்பு, வயர் இல்லாத டெலிபோன், இவற்றோடு ஒரு கோட்டும் இருக்கும். கோட்டு இல்லாதவர்கள் அதை மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளலாம். கோட்டு யாரிடம் இருந்தது அந்தக் காலத்தில்? ஒல்லி ஆள், குண்டு ஆள் எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று முதுகை நடுவே வெட்டிவிட்டு நாடா வைத்துத் தைத்திருப்பார்களாம். முன்னால் பார்த்தால் துரை, பின்னால் திரும்பினால் பனியன். மூன்றாவது பட்டன் அறுந்து போய், மெரூன் பட்டன் கிடைக்காமல் கறுப்புப் பட்டனை வைத்துத் தைத்துவிட்டார்கள். அந்தக் கறுப்புப் பட்டன் இவர் போட்டோவிலும் பளிச்சென்று விழுந்திருந்தது.

“அப்ப அந்த பேன்ட்டு?”

“அதும் ஸ்டுடியோ.”

“டை?”

“எல்லாந்தான். செருப்பு மட்டும் என்னுது. அத பெல்பாட்டம் மறைச்சிருச்சு.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

“ஒனக்குச் சிரிப்பா இருக்கு. ஒங்க மைனி வீட்டுக்குத் தரகர் கொண்டு போனது அந்தப் போட்டோதான். அவளப் பெத்த அய்யா வசதியான ஆளு. நான் அப்ப எங்க மாமா கடையில மூட்ட தூக்கிக்கிட்டுக் கெடந்தேன். கோட்டு போட்ட மாப்பிள்ளன்னு நம்பித்தான் அவ கழுத்த நீட்டுனா. கோட்டு என்னுதுன்னு இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட சாதிச்சிட்டேன். இப்ப மக கல்யாணத்துல எங்க செட்டு ஆளுவ பூரா வருவானுவ. ஒருத்தன் அந்தப் பட்டனப் பாத்தாப் போதும். இவன் என்ன ஏமாத்திக் கட்டிட்டான்னு இந்த வயசுல அவ நெனைக்கணுமா?”

சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. பாவமாக இருந்தது. ஒரு கோட்டைக் காப்பாற்றுவதற்காக இந்த மனுஷன் அதற்குப் பிறகு ஊருக்குள் வந்த ஒவ்வொரு சட்டையையும் தான்தான் முதலில் போட்டதாகச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறார். பிரியாவிடம் போய்ப் பேசினேன். காரணத்தைச் சொல்ல முடியாது. சொல்லாமல் என்ன பேச?

“அக்கா, அப்பாவுக்கு வெக்கம். நீங்க வேற! பிளக்ஸ் அடிச்சு வந்தாச்சு” என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

வரவேற்பு அன்று சாயங்காலம் மண்டபத்துக்குள் நுழைந்தால் நாடக ஒப்பனை அறைக்குள் வந்த மாதிரி இருந்தது. சென்னைக்காரர்கள் ஒட்டுக் கிருதா வைத்திருந்தார்கள். புசுபுசுவென்று கை வைத்த ஜாக்கெட், இரட்டைச் சடை, ரிப்பன், இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி. வியர்வையில் ஒருவருடைய கிருதா கழன்று சந்தனத் தட்டில் விழுந்தது. வாசலில் மனித உயரத்துக்கு இரண்டு மடங்காக நம் அண்ணாச்சி, மெரூன் கோட்டில், இல்லாத ஆளோடு டெலிபோனில் பேசிக்கொண்டு நின்றார். அந்தக் கறுப்புப் பட்டன் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது.

நிஜ அண்ணாச்சி பெல்பாட்டத்தில் இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஊரில் எல்லாரும் போடுவதைப் போட்டுக்கொண்டு, ஜெனரேட்டர் பக்கமாக ஒளிந்து நின்றார். குடும்பப் படம் எடுக்கையில் போட்டோகிராபர், “வேட்டி கட்டுன பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்கோங்க, தீம் கெடுது” என்றான். பெண்ணின் அப்பாவை! அண்ணாச்சி மறுபேச்சுப் பேசாமல் தள்ளிக்கொண்டார். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பிரியா ஓடிப் போய் அவரை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

பயந்தது நடந்தது. செங்கோட்டையிலிருந்து அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் வந்தார், நல்ல ஆகிருதி, விபூதிப் பட்டை. பிளக்ஸ் முன்னால் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டனுக்குக் கிட்டே போனார். பிறகு மண்டபமே திரும்பும்படி கத்தினார்.

“ஏலே, இது நம்ம ஸ்டுடியோ கோட்டுல்லா!”

அவ்வளவுதான். இன்னொருவர் ஓடி வந்தார். “ஆமாலே, கறுப்பு பட்டன்! என் போட்டோவுலயும் இருக்கு” என்று வீட்டுக்குப் போன் போட்டு, சுவரில் மாட்டியிருந்த படத்தை அனுப்பச் சொன்னார். வந்தது. அதே கோட்டு, அதே டெலிபோன், வேறு ஆள். கடையநல்லூர் பாயும் அங்கேதான் இருந்தார். “நான் துபாய்லருந்து துணி குடுத்தேனாமே? ஏம்ப்பா, எனக்கே அந்த ஸ்டுடியோக்காரருதான் கோட்டு குடுத்தாரு!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தென்காசியின் கௌரவமான பெரிய மனிதர்களில் பாதிப் பேர் முதுகு வெட்டின ஒரே கோட்டுக்குள் புகுந்து வெளிவந்தவர்கள் என்பது அன்று நிரூபணமாயிற்று. வீட்டில் சொல்லியிருந்த கதை மட்டும் ஆளுக்கு ஒன்று. செங்கோட்டைக்காரர் பிளக்ஸோடு ஒரு செல்பி எடுத்துக்கொண்டு, ஜெனரேட்டர் பக்கம் போய் அண்ணாச்சியின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பந்திக்குப் போனார்.

சத்தம் கேட்டு மைனி வெளியே வந்தாள். அன்று பட்டுப் புடவை, தலை நிறைய பிச்சிப்பூ. பிளக்ஸைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த பெரியவர்களைப் பார்த்தாள். நேரே அண்ணாச்சியிடம் போனாள். நான் பின்னாலேயே போனேன், ஏதாவது ஆகிவிட்டால் பிடித்துக்கொள்ளலாம் என்று. யாரைப் பிடிப்பது என்று எனக்கே தெரியாது.

“இங்கன நின்னு என்ன செய்திய? வந்தவுகள யாரு கவனிக்க?”

“இல்ல... அந்தக் கோட்டு...” அண்ணாச்சிக்கு வாய் குழறியது. “ஒங்கிட்ட நான் சொல்லணும்னுதான்...”

“கோட்டா? அது ஸ்டுடியோ கோட்டுன்னு எனக்குத் தெரியாதாக்கும்.”

அண்ணாச்சி நிமிர்ந்தார்.

“தரகர் எங்க அய்யாகிட்ட மூணு போட்டோ கொண்டாந்தாரு. மூணுலயும் இதே கோட்டு, இதே பட்டன், இதே டெலிபோனு. கோட்டப் பாத்து நான் எப்பிடி ஆளெடுக்க? மூஞ்சியப் பாத்துத்தான் எடுத்தேன்.”

அண்ணாச்சி வேட்டி நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் திடீரென்று முகம் மாறியது.

“அந்த மத்த ரெண்டு பேரு யாரு?”

“ஒருத்தரு யாருன்னு இப்ப நெனவில்ல. இன்னொருத்தரு, இந்தா ஒங்க தோள்ல தட்டிட்டுச் சாப்பிடப் போனாவல்லா, செங்கோட்டைக்காரவ, அவுவதான்.”

சொல்லிவிட்டு மைனி மேடைப் பக்கம் போய்விட்டாள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே பந்திக்கு நடந்தார். செங்கோட்டைக்காரர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவருடைய இலையை விட்டு நகரவில்லை. “செங்கோட்டை அண்ணாச்சிக்கு இன்னும் ரெண்டு கரண்டி பாயசம் ஊத்துங்கப்பா, பாவம்” என்று பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் இரண்டு கையாலும் இலையை மறைத்துப் பார்த்தார், அண்ணாச்சி விடவே இல்லை.